ஒரே டைமர், ஒரே பட்டியல்: வார்கிராஃப்ட் வரைபடத்தில் லூப் அமைக்கும் முறை

முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே ஒரு கிராமம். காலபோக நெல் கதிர் வைத்திருக்கிறது. பொழுதுபட்டதும் பாலையும் முதிரையும் நிற்கிற காட்டிலிருந்து யானைகள் வயலுக்கு இறங்கும். காவலுக்கு நிற்பவர் யானை வெடி போட்டு அவற்றைத் திருப்ப வேண்டும். விடிந்ததும் மிச்சம் நிற்பவையும் காட்டுக்குப் போய்விடும். இதுதான் நாம் செய்யப்போகும் விளையாட்டு. யானையைக் கொல்ல இதில் வழியே இருக்காது, விரட்ட மட்டுமே முடியும்.

இதற்கு எடுத்துக்கொள்வது வார்கிராஃப்ட் 3 என்ற கொம்பியூட்டர் விளையாட்டுடன் சேர்ந்தே வரும், சொந்தமாக வரைபடம் செய்ய உதவும் வேர்ல்ட் எடிட்டர். 2003 இல் வந்த ஃப்ரோசன் த்ரோன் பதிப்பிலும், 2020 இல் வந்த ரீஃபோர்ஜ்ட் பதிப்பிலும் கீழே சொல்வதெல்லாம் வேலை செய்யும். பழைய பதிப்பு குறைந்த ராம் உள்ள லப்டொப்பிலும் ஓடும் என்பதால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது வசதி. டோட்டா என்ற விளையாட்டே இந்த எடிட்டரில் ஒருவர் செய்த வரைபடமாகத்தான் தொடங்கியது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்க வந்தவர்களுக்கு லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளைத் தொகுதி, வகுப்பில் கேட்ட விஷயமாக இருக்கும். ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் நிற்பவர்களுக்கு அது புதிதாக இருக்கலாம். இரண்டு பேரும் இதைப் படித்துச் செய்யலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அநேகமாக ஒரே வழியில்தான் போகிறார்கள். ஒரு யானைக்கு ஒரு ட்ரிகர் (ஏதாவது நடந்தால் ஓடும் கட்டளைத் தொகுதி), அதற்குள் ‘வெயிட்’ என்ற காத்திருப்புக் கட்டளை, பிறகு அதே ட்ரிகரைத் திரும்ப ஓட விடுவது. யானை இரண்டு மூன்று இருக்கும்வரை பிரச்சினை தெரியாது. இருபது வந்ததும் படம் திக்கித் திக்கி ஓடும், லப்டொப்பின் விசிறி கத்தும். உடனே கொம்பியூட்டர் பழசு என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் கொம்பியூட்டரில் பிழை இருக்காது. வேலை இல்லாதபோதும் ஓடுகிற லூப்தான் காரணம். வேலை இருக்கும்போது மட்டும், வேலை இருப்பவற்றின் மீது மட்டும் ஓடும் ஒரு லூப் போதும். அதைக் கட்டுவதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

முதலில் தயார்ப்படுத்தல்

புதிய வரைபடம் ஒன்றைத் திறந்து, ஒரு பக்கம் மரங்களை அடர்த்தியாக வைத்துக் காடாக்குங்கள். மறுபக்கம் வயல். இரண்டின் மேலும் ஒவ்வொரு ரீஜன் (வரைபடத்தில் குறித்து வைக்கும் பகுதி) வரைந்து ‘காடு’, ‘வயல்’ என்று பெயர் கொடுங்கள். எடிட்டரில் ஆங்கில எழுத்தில்தான் பெயர் கொடுக்க வேண்டியிருக்கும். இங்கே வாசிக்க வசதியாக எல்லாப் பெயர்களையும் தமிழில் எழுதுகிறேன்.

யானை இந்த விளையாட்டில் இல்லை. ஃப்ரோசன் த்ரோனில் வரும் மாமத் என்ற பழங்கால யானைதான் அதற்குக் கிட்டிய உருவம். F6 ஐ அமுக்கினால் ஒப்ஜெக்ட் எடிட்டர் திறக்கும். அங்கே மாமத்தைப் பிரதி எடுத்து, யானை என்று பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். யானைகளின் சொந்தக்காரராக ‘நியூட்ரல் ஹொஸ்டைல்’ ஐத் தெரிவுசெய்யாதீர்கள். அப்படிச் செய்தால் அவை தாம் பிறந்த இடத்துக்கே திரும்பித் திரும்பிப் போகப் பார்க்கும். 12 ஆவது ஆட்டக்காரரைக் கொம்பியூட்டராக வைத்து, யானைகளை அவர் கணக்கில் விடுங்கள். புதிய வரைபடத்துடன் வரும் ‘மெலி இனிஷியலைசேஷன்’ என்ற ட்ரிகரை அழித்துவிடுங்கள். அது இருந்தால் வழக்கமான சண்டை ஆட்டத்துக்குரிய எல்லாமும் தொடங்கிவிடும்.

இனி F4. அது ட்ரிகர் எடிட்டர், நம் வேலை எல்லாம் அங்கேதான். ஒரு ட்ரிகருக்கு மூன்று பாகம் உண்டு: என்ன நடந்தால் தொடங்க வேண்டும் என்ற நிகழ்வு, எந்த நிலையில் என்ற நிபந்தனை, என்ன செய்ய வேண்டும் என்ற செயல். கண்ட்ரோலும் B யும் சேர்த்து அமுக்கினால் மாறிகளின் (பெறுமதிகளைச் சேமித்து வைக்கும் பெயர்களின்) சாளரம் திறக்கும். அதில் இவற்றை உருவாக்குங்கள்:

யானை: யூனிட் (விளையாட்டில் நடமாடும் உருவம்) வகை, அணி
அச்சம்: இன்டிஜர் (முழு எண்) வகை, அணி
தொகை: இன்டிஜர்
சுற்று: இன்டிஜர்
சுற்று2: இன்டிஜர்
இடம், வெடிஇடம், வயல்நடு, காட்டுநடு: நான்கும் பொயின்ட் (வரைபடத்தில் ஒரு புள்ளி) வகை

அணி என்பது ஒரே பெயரில் பல பெறுமதிகளை எண்ணிட்டு வைக்கும் மாறி. யானை[1], யானை[2] என்று போகும். இவை ஒவ்வொன்றையும் கீழே பெட்டி என்று சொல்கிறேன். தொகை என்பது இப்போது எத்தனை யானை பட்டியலில் நிற்கிறது என்ற கணக்கு. அச்சம் ஒவ்வொரு யானைக்கும் தனித்தனி. வெடிச் சத்தம் கேட்டால் ஏறும், நேரம் போகப் போக இறங்கும்.

வரைபடம் தொடங்கும்போது ஓடும் ஒரு ட்ரிகரில் வயல்நடு, காட்டுநடு இரண்டுக்கும் அந்தந்த ரீஜனின் நடுப்புள்ளியைக் கொடுத்துவிடுங்கள். இதை ஒருதரம் செய்தால் போதும். ஏன் ஒருதரம் என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

யானை இறங்கும் ட்ரிகர்

வார்கிராஃப்டில் ஒரு முழு நாள் 480 செக்கன் நீளம். 18.00 மணிக்கு இருள் தொடங்கி 6.00 மணிக்கு விடியும். ஆகவே ஓர் இரவு 240 செக்கன். நிகழ்வாக ‘இன்-கேம் டைம் ஒஃப் டே’ 18.00 ஆகும்போது என்று தெரிவுசெய்யுங்கள். செயல்கள் இவை, ஐந்து தரம் சுற்ற வேண்டும்:

சுற்று 1 முதல் 5 வரை:
  இடம் = காடு ரீஜனில் ஏதோ ஒரு புள்ளி
  அந்த இடத்தில் ஒரு யானையை உருவாக்கு
  தொகை = தொகை + 1
  யானை[தொகை] = கடைசியாக உருவாக்கிய யூனிட்
  அச்சம்[தொகை] = 0
  யானை[தொகை] ஐக் காயப்படாததாக ஆக்கு
  யானை[தொகை] வயல்நடுவுக்குப் போகட்டும்
  இடத்தை அழி
சுற்று முடிந்ததும்: ‘காவல்’ ட்ரிகரை இயக்கு

அச்சத்தை 0 ஆக்கும் வரியை விட்டுவிடாதீர்கள். முதல் நாள் இரவு மூன்றாம் பெட்டியில் நின்ற யானை பயந்து ஓடிப் போயிருக்கும். அதன் அச்சம் அந்தப் பெட்டியிலேயே கிடக்கும். அடுத்த இரவு மூன்றாம் பெட்டிக்கு வரும் புது யானை அந்தப் பழைய அச்சத்தோடு பிறக்கும், காட்டுக்குள்ளேயே நிற்பதால் பிறந்த அரைச் செக்கனில் காணாமலும் போய்விடும். முதல் இரவு சரியாக ஓடி, இரண்டாம் இரவு யானை குறைந்தால் முதலில் இந்த வரியைத்தான் பார்க்க வேண்டும்.

இடத்தை அழிப்பது எப்படி? வார்கிராஃப்டில் ஒரு புள்ளியைக் கேட்கும் ஒவ்வொரு தரமும் நினைவகத்தில் புதிதாக ஒன்று உருவாகும். பாவித்து முடிந்தாலும் அது தானாக அழியாது. இதைத்தான் ‘லீக்’ என்கிறார்கள். ‘கஸ்டம் ஸ்கிரிப்ட்’ என்ற செயலை எடுத்து, அதில் ‘கால்’ என்றும் ஓர் இடைவெளி விட்டு ‘ரிமூவ்லொக்கேஷன்’ என்றும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள் மாறியின் பெயர் வர வேண்டும். பெயருக்கு முன்னால் ‘யூடிஜி’ என்ற மூன்று சிறிய எழுத்துகளும் ஓர் அடிக்கோடும் கட்டாயம். ‘ரிமூவ்’, ‘லொக்கேஷன்’ இரண்டும் பெரிய எழுத்தில் தொடங்கி ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ‘கால்’ முழுவதும் சிறிய எழுத்து. ஓர் எழுத்து பிசகினாலும் சேவ் செய்யும்போது எடிட்டர் பிழை காட்டி அந்த ட்ரிகரை முடக்கிவிடும்.

வயல்நடுவையும் காட்டுநடுவையும் தொடக்கத்திலேயே ஒருதரம் எடுத்து வைத்தது இதற்காகத்தான். அவை மாறாத இடங்கள். அழிக்கவும் வேண்டாம், திரும்பத் திரும்பக் கேட்கவும் வேண்டாம்.

காவல்: முழு விளையாட்டும் நிற்கும் லூப்

புதிய ட்ரிகர் ஒன்று, பெயர் ‘காவல்’. நிகழ்வு ‘பீரியாடிக் ஈவன்ட்’, ஒவ்வொரு 0.50 செக்கனுக்கும். மேலே ‘இனிஷியலி ஆன்’ என்ற கட்டத்தில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். யானை இல்லாத பகல் முழுவதும் இது ஓடத் தேவையில்லை.

சுற்று 1 முதல் தொகை வரை:
  அச்சம்[சுற்று] 0 ஐ விடப் பெரிது என்றால்:
    அச்சம்[சுற்று] = அச்சம்[சுற்று] − 1
    யானை[சுற்று] காடு ரீஜனுக்குள் நின்றால்:
      யானை[சுற்று] ஐ விளையாட்டிலிருந்து அகற்று
      யானை[சுற்று] = யானை[தொகை]
      அச்சம்[சுற்று] = அச்சம்[தொகை]
      தொகை = தொகை − 1
      சுற்று = சுற்று − 1
    இல்லாவிட்டால், அச்சம்[சுற்று] 0 ஆகிவிட்டது என்றால்:
      யானை[சுற்று] வயல்நடுவுக்குப் போகட்டும்
சுற்று முடிந்ததும், தொகை 0 என்றால்: இந்த ட்ரிகரை நிறுத்து

இந்தச் சில வரிகளை ஆறுதலாகப் பாருங்கள். பட்டியலில் ஏழு யானை நிற்கிறது, மூன்றாவது காட்டுக்குள் போய்விட்டது என்று வைப்போம். நடுவில் ஒரு பெட்டி வெறுமையாகிவிடக் கூடாது. அதனால் ஏழாவதை எடுத்து மூன்றாம் இடத்தில் வைக்கிறோம், தொகையை ஆறாக்குகிறோம். நாலு, ஐந்து, ஆறு எதையும் அசைக்கத் தேவையில்லை. பட்டியலில் எத்தனை நூறு இருந்தாலும் ஒன்றை எடுப்பதற்கான வேலை இதே அளவுதான்.

சுற்றை ஒன்றால் குறைப்பது ஏன்? மூன்றாம் இடத்துக்கு இப்போது வந்திருக்கும் பழைய ஏழாவது யானையை நாம் இன்னும் பார்க்கவில்லை. குறைக்காவிட்டால் லூப் நேரே நாலுக்குப் போய்விடும், அந்த யானைக்கு இந்தத் தரம் கணக்குத் தப்பிவிடும். அரைச் செக்கனில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒரே நேரத்தில் பல யானை காட்டுக்குள் நுழையும் விடியற்காலையில் சில நுழைந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்று மறைவதைக் காண்பீர்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் யானையை அகற்ற வேண்டும், பிறகுதான் பெட்டியில் வேறு யானையை வைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் வயலில் நிற்கிற ஒரு அப்பாவி யானை மறைந்துபோகும், காட்டுக்குள் போனது பட்டியலிலும் இல்லாமல் அங்கேயே நிற்கும். அதேபோல, பிறகு நீங்கள் பசி, வயது என்று இன்னும் அணிகள் சேர்த்தால் அவற்றையும் அந்த இடத்திலேயே சேர்த்து மாற்றிவிட வேண்டும். ஓர் அணியை மறந்தால் ஒரு யானையின் பசி இன்னொரு யானைக்குப் போகும்.

லூப்பை உருவாக்கும்போது எடிட்டர் பல வகை காட்டும். ‘ஃபோர் ஈச் இன்டிஜர் A’ என்பதுதான் முதலில் கண்ணில் படும், அதைத் தொடாதீர்கள். ‘ஃபோர் ஈச் இன்டிஜர் வேரியபிள்’ ஐ எடுத்து, மாறியாகச் சுற்றைக் கொடுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இன்டிஜர் A லூப் தொடங்கும்போதே கடைசி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளும். நடுவில் தொகை ஏழிலிருந்து ஆறானாலும் அது ஏழு வரை போகும். வேரியபிள் வகை ஒவ்வொரு சுற்றிலும் தொகையைப் புதிதாகப் பார்க்கும். பட்டியல் சுருங்கக்கூடிய இடத்தில் நமக்கு அதுதான் வேண்டும். தவிர, இன்டிஜர் A முழு வரைபடத்துக்கும் பொதுவான ஒன்று. இன்னொரு ட்ரிகரும் அதைப் பாவித்தால் இரண்டும் ஒன்றையொன்று குழப்பிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘வயலுக்குப் போ’ என்ற கட்டளையை அச்சம் 0 ஆகும் அந்த ஒரு தருணத்தில் மட்டும் கொடுக்கிறோம். ஒவ்வொரு அரைச் செக்கனும் அதே கட்டளையைக் கொடுத்தால் யானை ஒவ்வொரு தரமும் பாதையைப் புதிதாகத் தேடும். பாதை தேடுவது எண்களைக் கூட்டிக் கழிப்பதைவிடப் பல மடங்கு பாரமான வேலை. நடையும் திக்கும். நிலை மாறும்போது மட்டும் கட்டளை என்பதை எல்லா லூப்பிலும் கடைப்பிடியுங்கள்.

காட்டுக்குள் நிற்கிறதா என்று பார்க்க ‘ரீஜன் கன்டெய்ன்ஸ் யூனிட்’ என்ற நிபந்தனையையே எடுங்கள். யானையின் இடத்துக்கும் காட்டுநடுவுக்கும் உள்ள தூரத்தை அளக்கலாம்தான். ஆனால் அப்படி அளக்கும் ஒவ்வொரு தரமும் ஒரு புள்ளி உருவாகும். இருபது யானை, செக்கனுக்கு இரண்டு தரம், 240 செக்கன் என்றால் ஓர் இரவில் 9600 புள்ளி. அழிக்க மறந்தால் அத்தனையும் நினைவகத்தில் கிடக்கும். ரீஜன் நிபந்தனையில் அந்தப் பிரச்சினையே இல்லை.

வெடியும் விடியலும்

வெடிக்கு ஒப்ஜெக்ட் எடிட்டரில் ஓர் இடத்தைக் குறிவைக்கும் ஆற்றல் (அபிலிட்டி) ஒன்றைப் பிரதி எடுத்துக் காவல்காரருக்குக் கொடுங்கள். ட்ரிகரின் நிகழ்வு: ஒரு யூனிட் ஆற்றலின் விளைவைத் தொடங்கும்போது. நிபந்தனை: அந்த ஆற்றல் யானை வெடி. செயலில் குறிவைத்த இடத்தை வெடிஇடத்தில் எடுத்துக்கொண்டு, சுற்று2 ஐ 1 முதல் தொகை வரை ஓட விடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் யானையின் இடத்தை ‘இடம்’ மாறியில் வாங்கி, வெடிஇடத்திலிருந்து 600 தூரத்துக்குள் நின்றால் அதன் அச்சத்தில் 20 ஐக் கூட்டிக் காட்டுநடுவுக்கு ஓடச் சொல்லுங்கள். பிறகு இடத்தை அழியுங்கள். லூப் முடிந்ததும் வெடிஇடத்தையும் அழியுங்கள். அரைச் செக்கனுக்கு ஒன்றாக இறங்குவதால் 20 என்பது பத்துச் செக்கன் பயம். அதற்குள் காட்டை எட்டாத யானை திரும்பவும் வயலைப் பார்க்கும். ஆட்டம் கடினமாக வேண்டுமானால் 20 ஐ 12 ஆக்குங்கள்.

இங்கே தூரம் அளப்பது பரவாயில்லை. வெடி போடும்போது மட்டும் ஓடும் லூப் இது.

சுற்று இருக்க ஏன் சுற்று2? ஒரு ட்ரிகரின் செயலே இன்னொரு ட்ரிகரைத் தொடக்கிவிடும் சந்தர்ப்பங்கள் உண்டு. ஒரு யூனிட்டுக்குக் கட்டளை கொடுத்ததும், கட்டளைக்காகக் காத்திருக்கும் ட்ரிகர் அந்த இடத்திலேயே புகுந்து ஓடிவிட்டுத்தான் திரும்பும். இரண்டிலும் ஒரே மாறி இருந்தால், திரும்பி வரும்போது முதல் லூப்பின் எண் மாறியிருக்கும். ஒரு லூப்புக்கு ஒரு மாறி என்று வைத்துக்கொண்டால் தலையிடி இல்லை.

விடியலுக்கு 6.00 மணி நிகழ்வு. பட்டியல் முழுவதற்கும் அச்சத்தை 999 ஆக்கி, காட்டுநடுவுக்குப் போகச் சொல்லுங்கள். இதற்கும் தனியாக ஒரு சுற்று மாறி. காவல் ட்ரிகரை இங்கே நிறுத்தக் கூடாது. கடைசி யானை காட்டுக்குள் போய்த் தொகை 0 ஆனதும் அது தானே நின்றுவிடும்.

யானை வயலுக்குள் கால் வைத்ததா என்பதையும் காவல் லூப்பில் சேர்க்கச் சிலருக்குத் தோன்றும். வேண்டாம். ‘யூனிட் என்டர்ஸ் ரீஜன்’ என்ற நிகழ்வே இருக்கிறது. நுழையும் கணத்தில் விளையாட்டே உங்களுக்கு அறிவிக்கும். எந்த நேரமும் மெல்ல மெல்ல மாறிக்கொண்டிருப்பதற்கு மட்டும் லூப்பை வைத்துக்கொள்ளுங்கள். நம் விளையாட்டில் அது அச்சம்.

எத்தனை செக்கனுக்கு ஒருதரம்?

கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு போவதுபோலத் தெரிய வேண்டிய அசைவுக்கு, அதாவது நீங்களே ஒரு பொருளை எண் கொடுத்து நகர்த்தும்போது, 0.03 செக்கன். யானை நடப்பதை விளையாட்டே பார்த்துக்கொள்கிறது, நமக்கு அது தேவையில்லை. நிலை பார்ப்பதற்கு 0.25 முதல் 0.50 வரை போதும். பயிர் வளர்ச்சி, காசு சேர்தல் போன்றவற்றுக்கு அதைவிட நீளமாகவும் விடலாம். இருபது யானையை 0.03 இல் பார்த்தால் செக்கனுக்கு 660 தரத்துக்கு மேல் வரும். 0.50 இல் நாற்பது. ஆட்டக்காரருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

‘வெயிட்’ ஐ லூப்புக்குள் வைக்கவே வேண்டாம். அது விளையாட்டு நேரத்தை அல்ல, வெளி நேரத்தை எண்ணும். 0.01 என்று கொடுத்தாலும் அவ்வளவு சின்னதாக நிற்காது. அது காத்திருக்கும் இடைவெளியில் மற்ற ட்ரிகர்கள் உங்கள் மாறிகளை மாற்றிவிடும்.

வயல் துண்டுகளுக்கு முறை வைத்தல்

வயலை 200 துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஈரம், வளர்ச்சி என்று கணக்கு வைக்க ஆசைப்படுவீர்கள். நல்ல ஆசைதான். ஆனால் 200 ஐயும் ஒரே தரத்தில் கணக்கிட்டால் ஐந்து செக்கனுக்கு ஒருதரம் படம் ஒரு கணம் நின்று போகும். வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவதுபோல இதையும் பிரித்துவிடுங்கள். 0.25 செக்கனுக்கு ஒருதரம் ஓடும் ட்ரிகரில் பத்துத் துண்டு மட்டும். ‘துண்டு’ என்று ஒரு மாறி வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டி, 200 ஐத் தாண்டினால் 1 க்குத் திரும்புங்கள். இருபது தரத்தில், அதாவது ஐந்து செக்கனில், முழு வயலும் ஒரு சுற்று முடியும். படம் எங்கும் நிற்காது.

ஒரே மூச்சில் மிகப் பெரிய லூப் ஓட விடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு தொடர்ச்சியான ஓட்டத்தில் செய்யக்கூடிய வேலைக்கு இந்த விளையாட்டு ஓர் எல்லை வைத்திருக்கிறது. பழைய பதிப்புகளில் அது 300,000 கட்டளை. எல்லையைத் தாண்டினால் பிழைச் செய்தி எதுவும் வராது. லூப் நடுவில் அறுந்து, அதற்குக் கீழே உள்ள வரிகள் ஓடாமல் போய்விடும். தொடக்க ட்ரிகரில் பாதி மட்டும் நடந்திருந்தால் இதையும் சந்தேகியுங்கள். வேலையைப் பல தரமாகப் பிரிப்பதுதான் இதற்கும் வழி.

ஓட்டிப் பார்த்தல்

கண்ட்ரோலும் F9 உம் அமுக்கினால் வரைபடம் நேரே விளையாட்டில் திறக்கும். அதற்கு முன் சேவ் செய்து, எண் போட்ட ஒரு பிரதியையும் வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

முதலில் யானை இறங்கும் ட்ரிகரில் உள்ள 5 ஐ 60 ஆக்கி ஓட்டுங்கள். அறுபது யானையுடன் சீராக ஓடினால் ஐந்துடன் எந்த லப்டொப்பிலும் ஓடும். பிறகு காவல் லூப்பின் முடிவில் தொகையைத் திரையில் காட்டும் ஒரு வரியைத் தற்காலிகமாகச் சேருங்கள். இரவில் எண் ஏற வேண்டும், வெடி போடப் போட இறங்க வேண்டும், விடிந்து கொஞ்ச நேரத்தில் 0 ஐக் காட்டிவிட்டு எழுத்தே வராமல் நிற்க வேண்டும். பகலிலும் 0, 0 என்று வந்துகொண்டேயிருந்தால் நிறுத்தும் வரி வேலை செய்யவில்லை. யானை ஒன்றும் கண்ணில் படாமல் எண் 2 இலேயே நின்றால், எங்கோ மரத்துக்குள் சிக்கியிருக்கும் யானையைத் தேடுங்கள். காடு ரீஜனைக் காட்டின் விளிம்பு வரை அகலமாக வரைந்தால் இது நடக்காது.

நினைவகத்துக்கு ஒரு சோதனை. விளையாட்டை ஏழெட்டு இரவு போகும்வரை ஓட விட்டு, டாஸ்க் மனேஜரில் அது பிடித்திருக்கும் ராமைப் பாருங்கள். ஒவ்வொரு இரவும் ஏறிக்கொண்டே போனால் எங்கோ ஒரு புள்ளி அழிபடவில்லை. விளையாட்டை மூடும்போது திரை நெடுநேரம் உறைந்து நிற்பதும் அதே அறிகுறிதான். அப்போது ட்ரிகர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ‘பொசிஷன்’, ‘சென்டர்’, ‘ரண்டம் பொயின்ட்’ என்ற சொற்கள் வரும் வரிகளை மட்டும் தேடுங்கள். தொடக்கத்தில் எடுத்து வைத்த வயல்நடு, காட்டுநடு தவிர, ஒவ்வொன்றுக்கும் கீழே அழிக்கும் வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போனால் விடுபட்டது அகப்படும்.